ஜிம் பிரிடோவுக்கு முதலிலேயே தெரியும்: 'டிங்கர் டெய்லர் சோல்ஜர் ஸ்பை' படத்தின் கடைசிக் குண்டு

தந்திமரம் எழுதியது:

நேற்றிரவு இந்தப் படத்தை நான்காவது முறையாகப் பார்த்தேன். முடிந்தபோது மணி ஒன்றரை. தூக்கம் வரவில்லை. எழுதித் தீர்த்துவிடலாம் என்று இங்கே வந்திருக்கிறேன். கடைசிக் காட்சி வரை பேசப் போகிறேன், ஆகவே படம் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படியுங்கள்.

கதை மறந்துபோனவர்களுக்காகச் சில வரிகள். ஆண்டு 1973. பிரிட்டனின் வெளிநாட்டு உளவுத் துறை. உள்ளே இருப்பவர்கள் அதைச் 'சர்க்கஸ்' என்று அழைப்பார்கள். அதன் தலைவர் கன்ட்ரோலுக்கு (ஜான் ஹர்ட்) ஓர் ஐயம்: துறையின் உச்சியில் இருக்கும் ஐந்து பேரில் ஒருவன் மாஸ்கோவின் ஆள். அந்தப் பெயரைச் சொல்ல ஒரு ஹங்கேரியத் தளபதி தயாராக இருக்கிறான் என்ற செய்தி வருகிறது. யாருக்கும் தெரியாமல் ஜிம் பிரிடோவை (மார்க் ஸ்ட்ராங்) புடாபெஸ்டுக்கு அனுப்புகிறார். அது பொறி. பட்டப்பகலில் ஒரு காபிக் கடையில் ஜிம் முதுகில் சுடப்படுகிறான். கன்ட்ரோலும் அவருடைய வலக்கையான ஜார்ஜ் ஸ்மைலியும் (கேரி ஓல்ட்மேன்) வீட்டுக்கு அனுப்பப்படுகிறார்கள். பிறகு அதே ஸ்மைலியை அரசு ரகசியமாக அழைத்து, உள்ளே இருக்கும் துரோகியைக் கண்டுபிடிக்கச் சொல்கிறது. கன்ட்ரோல் செத்துப்போன பிறகு அவர் வீட்டில் சதுரங்கக் காய்கள் கிடைக்கின்றன. ஒவ்வொரு காயிலும் ஒரு முகம் ஒட்டப்பட்டிருக்கிறது. அவற்றில் ஒன்று ஸ்மைலியின் முகம். வாழ்நாள் முழுவதும் உடன் இருந்த தலைவர் தன்னையும் சந்தேகித்தார் என்பதை அந்த மனிதர் எதுவும் பேசாமல் கையில் பிடித்துப் பார்க்கிறார்.

முதல் முறை பார்த்தபோது "யார் அந்தத் துரோகி?" என்பதுதான் புதிர் என்று நினைத்தேன். இப்போது அந்தக் கேள்வி எனக்கு முக்கியமாகப் படவில்லை. பில் ஹேடன் (காலின் ஃபர்த்) என்று தெரிந்தவுடன் திடுக்கிடுகிறோமா? இல்லை. "ஆமாம், வேறு யார்?" என்றுதான் தோன்றுகிறது.

என்னைத் தூங்கவிடாமல் செய்தது வேறு. பிடிபட்ட ஹேடனை ஸ்மைலி சந்திக்கும் காட்சியில் ஒரு செய்தி போகிறபோக்கில் வருகிறது. புடாபெஸ்டுக்குக் கிளம்பும் முன் ஜிம் ஹேடனைப் பார்க்க வந்திருக்கிறான். எச்சரிக்கத்தான் வந்தான் என்கிறார் ஸ்மைலி. ஜிம்முக்கு முதலிலிருந்தே தெரியும் என்கிறார். இந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு படத்தை முதலிலிருந்து ஓட்டிப் பாருங்கள். நண்பன்தான் துரோகி என்று உள்ளூர அறிந்த ஒருவன், அந்தத் துரோகியின் பெயரை வாங்கி வர உயிரைப் பணயம் வைத்துப் போகிறான். ஏன் போனான்?

எனக்குத் தோன்றும் விடை ஒன்றுதான். அந்தத் தளபதி வாயிலிருந்து வேறு ஒரு பெயர் வந்துவிடாதா என்ற ஏக்கத்தில் போனான்.

அப்படியானால் இறுதியில் அவன் துப்பாக்கியைத் தூக்கியது யாருக்காக? நாட்டுக்காகவா, செத்துப்போன கன்ட்ரோலுக்காகவா, தன் முதுகில் பாய்ந்த குண்டுக்காகவா? அல்லது ஹேடனுக்காகவேவா? உங்கள் கருத்தைக் கேட்க ஆசைப்படுகிறேன்.

கருவேலங்காடு எழுதியது:

மன்னிக்க வேண்டும் தோழர், நான் இந்தப் படத்தைப் பாதியில் நிறுத்தியவன். யார் யாரிடம் என்ன சொல்கிறார்கள் என்று பிடிபடவில்லை. எல்லோரும் சாம்பல் நிறக் கோட்டு, எல்லோர் கையிலும் சிகரெட். நாயகன் கால் மணி நேரம் வாயே திறக்கவில்லை. 'விட்ச்கிராஃப்ட்' என்று ஏதோ சொல்கிறார்களே, அது என்ன? அது புரிந்தால் மீண்டும் முயன்று பார்ப்பேன்.

தந்திமரம் எழுதியது:

தவறு உங்கள்மேல் இல்லை. இரண்டு மணி நேரச் சொச்சத்துக்குள் ஒரு பெரிய நாவலை அடக்கியிருக்கிறார்கள், எதையும் இரண்டாம் முறை சொல்லமாட்டார்கள். 1979இல் பிபிசி இதே நாவலை அலெக் கின்னஸை வைத்து ஏழு பகுதிகளாக எடுத்தது. அதில் மூச்சு விட இடம் உண்டு.

விட்ச்கிராஃப்ட் என்பது ஒரு ரகசிய உளவுத் திட்டத்தின் பெயர். கன்ட்ரோலுக்குப் போட்டியான பெர்சி அல்லலைனுக்கு (டோபி ஜோன்ஸ்) மாஸ்கோவின் மேல்மட்டத்திலிருந்து அருமையான ரகசியங்கள் வரத் தொடங்குகின்றன. அவற்றைக் கொண்டுவருபவன் லண்டன் சோவியத் தூதரகத்தில் இருக்கும் பொல்யகோவ். அவனைச் சந்திக்க ஒரு ரகசிய வீடு. தூதரகத்தில் அவன்மேல் சந்தேகம் வரக்கூடாது என்பதற்காக இவர்களும் உப்புச் சப்பில்லாத சில காகிதங்களை அவன் கையில் கொடுத்தனுப்புகிறார்கள். தங்கள் ஒற்றன் அவன் என்பது அவர்கள் நினைப்பு. உண்மையில் அந்த வீடே ஹேடன் சரக்கைக் கைமாற்றும் இடம். அரசே வாடகை கொடுத்து, அரசே காவல் போட்டு, துரோகத்துக்கு ஒரு வீடு அமைத்துக் கொடுத்திருக்கிறது.

மாஸ்கோ தரும் ரகசியம் ஏன் அவ்வளவு பளபளப்பாக இருக்கிறது? அதைக் காட்டி அமெரிக்கர்களை இழுக்க வேண்டும். அமெரிக்கர்கள் பிரிட்டனுடன் பகிர்வதெல்லாம் ஹேடன் வழியாக மாஸ்கோவுக்குப் போகும். மாஸ்கோவின் உளவுத் தலைவன் கார்லா விரித்த வலை இதுதான். இதை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டு பாருங்கள்.

மழைக்காகிதம் எழுதியது:

தந்திமரம் அண்ணா, விட்ச்கிராஃப்ட்டைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்கு ஒற்றாடல் அதிகாரம்தான் நினைவுக்கு வந்தது. பள்ளியில் பத்து ஆண்டுகளாக அதைப் பாடம் நடத்துகிறேன். 588ஆம் குறள், ஓர் ஒற்றன் கொண்டுவந்த செய்தியை இன்னோர் ஒற்றனை விட்டு ஒற்றிச் சரிபார் என்கிறது. அடுத்த குறள், ஓர் ஒற்றனை இன்னோர் ஒற்றன் அறியாதபடி ஆள வேண்டும், மூவர் சொல்லும் ஒத்துவந்தால் நம்பு என்கிறது. அல்லலைனின் குழு இந்த இரண்டையும் காற்றில் விட்டது. ஊற்று ஒன்று, அதைத் தொடுபவர்கள் நால்வர், அந்த நால்வரும் ஒரே மேசையில், ஒலி புகாத ஒரே ஆரஞ்சு அறையில். சரிபார்க்கக் கேட்டவன் பொறாமைக்காரன் ஆகிவிடுகிறான். கன்ட்ரோலைத் துரத்த அந்த ஒரு பட்டமே போதுமானதாக இருந்தது.

ஆனால் உங்கள் கேள்விக்குப் பொருந்துவது வேறொரு குறள், தெரிந்துதெளிதல் அதிகாரத்தின் கடைசிக் குறள்:

*தேரான் தெளிவும் தெளிந்தான்கண் ஐயுறவும்*
*தீரா இடும்பை தரும்.*

ஆராயாமல் நம்புவதும் துன்பம், ஆராய்ந்து நம்பியவன்மேல் ஐயப்படுவதும் துன்பம். ஜிம் இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவன். அவன் ஹேடனை ஆராய்ந்து நம்பினானா, ஆராயாமல் நம்பினானா? அவனுக்கே தெரிந்திருக்காது. இளமையில் வாய்த்த நண்பனை யார் ஆராய்கிறார்கள்?

புடாபெஸ்டுக்கு வேறு பெயரைத் தேடிப் போனான் என்ற உங்கள் வாசிப்பு எனக்குப் பிடித்திருக்கிறது. முழுதாக ஏற்க முடியவில்லை. எச்சரிப்பதற்காகவே வந்தவனுக்கு இன்னொரு பெயரின் மேல் நம்பிக்கை இருந்திருக்குமா? "நான் போகிறேன், உன் பெயரோடுதான் திரும்புவேன், அதற்குள் ஓடிவிடு" என்று சொல்லத்தான் வந்திருப்பான் என்று நினைக்கிறேன். அப்படிப் பார்த்தால் அவன் முதுகில் பாய்ந்த குண்டு, அவன் தன் வாயால் கொடுத்த எச்சரிக்கையின் விளைவு.

வடக்குமாசி எழுதியது:

அருமையான இழை. நாவலுக்குப் பின்னால் இருக்கும் உண்மைக் கதையையும் சேர்த்துப் பேசினால்தான் இந்தக் கேள்வியின் கனம் தெரியும்.

ஹேடனுக்கு முன்மாதிரி கிம் பில்பி. 1912 ஜனவரி 1 அன்று நம் நாட்டில், அன்றைய பஞ்சாபின் அம்பாலாவில் பிறந்தவர். தந்தை ஐசிஎஸ் அதிகாரி. கிப்ளிங் கதையில் வரும் ஒற்றர் சிறுவனின் பெயரே செல்லப்பெயராக ஒட்டிக்கொண்டது. கேம்பிரிட்ஜில் படித்து, 1934இல் லண்டனில் சோவியத் உளவுத் துறையால் சேர்க்கப்பட்டு, 1940இல் பிரிட்டிஷ் உளவுத் துறைக்குள் நுழைந்தார். 1944இல் அங்கே சோவியத்துக்கு எதிரான பிரிவுக்கே தலைவரானார். திருடனைப் பிடிக்கும் பொறுப்பு திருடன் கையில்.

1945இல் இஸ்தான்புல்லில் வோல்கோவ் என்ற சோவியத் தூதரக அதிகாரி பிரிட்டிஷாரிடம் வந்தான். லண்டனுக்குள் இருக்கும் மாஸ்கோவின் ஆட்களைக் காட்டிக்கொடுக்கிறேன், அடைக்கலம் தாருங்கள் என்றான். அந்தக் கோப்பு லண்டனில் யார் மேசைக்குப் போனது தெரியுமா? பில்பியின் மேசைக்கு. அவர் மாஸ்கோவுக்குச் செய்தி அனுப்பிவிட்டு, ஆற அமர இஸ்தான்புல் போய்ச் சேர்ந்தார். அதற்குள் வோல்கோவ் கட்டுப்போட்ட நிலையில் தூக்குப்படுக்கையில் விமானம் ஏற்றப்பட்டுவிட்டான். படத்தில் ரிக்கி டார் என்ற சர்க்கஸ் ஒற்றன், துரோகியைப் பற்றித் தெரிந்த இரீனா என்ற சோவியத் பெண்ணைச் சந்திக்கும் ஊரும் இஸ்தான்புல்தான். நாவலில் அது ஹாங்காங். படக்குழு ஊரை மாற்றியபோது வோல்கோவை நினைத்திருப்பார்களோ என்று எனக்கு எப்போதும் தோன்றும்.

இனி நட்பு. பில்பியின் நெருங்கிய நண்பர் நிக்கோலஸ் எலியட், அதே துறையின் அதிகாரி. 1951இல் சோவியத்துக்கு ஒற்று வேலை பார்த்த பிரிட்டிஷ் அதிகாரிகள் பர்ஜஸும் மக்லீனும் மாஸ்கோவுக்குத் தப்பி ஓடியபோது சந்தேகம் பில்பிமேல் விழுந்தது, வேலை போயிற்று. அப்போது நண்பருக்காக நின்றவர் எலியட். ஓர் ஆண்டு, ஈராண்டு என்று நினைக்காதீர்கள், பத்தாண்டுக்கு மேல். 1955இல் நாடாளுமன்றத்தில் வெளியுறவு அமைச்சர் மேக்மில்லன் பில்பிமேல் குற்றம் சொல்ல ஆதாரம் இல்லை என்று அறிவித்தார். மறுநாள் தன் தாயின் வீட்டில் செய்தியாளர்களைக் கூட்டிவைத்துப் பில்பி சிரித்த முகத்துடன் மறுத்ததைப் படச்சுருளில் இன்றும் பார்க்கலாம். கண் இமைக்கவில்லை. பிறகு பத்திரிகையாளராகப் பெய்ரூத் போனார். அந்த வேலை கிடைத்ததிலும் எலியட்டின் கை உண்டு.

1962இல் புதிய சாட்சியம் வந்தது. மறுப்பதற்கில்லை. பில்பியை நேரில் கேட்டு வாக்குமூலம் வாங்க யாரை அனுப்புவது என்ற கேள்வி எழுந்தபோது எலியட் தானே போனார். 1963 ஜனவரி, பெய்ரூத்தில் ஓர் அடுக்கக வீடு. பில்பி தலையில் கட்டுடன் வந்தார், குடித்துவிட்டு விழுந்த காயம். தேநீர் பரிமாறப்பட்டது. பேச்சை ரகசியமாகப் பதிவு செய்தார்கள், ஆனால் ஜன்னல் திறந்திருந்ததால் தெருச் சத்தம் பாதிப் பேச்சை விழுங்கிவிட்டது. இருபதாண்டு நட்பின் கடைசி உரையாடல் வண்டிகளின் இரைச்சலுக்கடியில் புதைந்துபோயிற்று.

பில்பி ஓரளவு ஒப்புக்கொண்டார். எலியட் ஊரைவிட்டுப் போனார். காவல் இல்லை, கைது இல்லை. ஜனவரி 23 இரவு, ஒரு விருந்துக்குப் போக வேண்டியவர் வரவில்லை, மனைவி காத்திருந்தார். பில்பி சோவியத் சரக்குக் கப்பலில் ஒடெஸா போய்க்கொண்டிருந்தார். 1988இல் மாஸ்கோவில் இறந்தார்.

எலியட் தெரிந்தே கதவைத் திறந்து வைத்தாரா, அலட்சியமா என்று இன்றும் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். நீதிமன்றத்தில் நின்றால் துறையின் மானம் போய்விடும் என்று மேலிடமே விரும்பியிருக்கலாம் என்பாரும் உண்டு. என் சொந்த எண்ணம்: எலியட்டால் ஜிம்மைப் போலச் சுட முடியவில்லை. தப்பிக்க விடுவதும் ஒரு வகையில் விசுவாசம்தான் என்று அவர் மனம் எங்கோ ஒரு மூலையில் சொல்லியிருக்கும்.

நாவலை எழுதிய ஜான் லெ காரேயும் அந்தத் துறையில் வேலை பார்த்தவர். தன் பெயரையும் பில்பி மாஸ்கோவுக்குக் கொடுத்தார் என்று நம்பினார். 1987இல் மாஸ்கோ போயிருந்தபோது பில்பியைச் சந்திக்க அழைப்பு வந்தது, மறுத்துவிட்டார். அந்த மறுப்பில் இருக்கும் சூடுதான் ஹேடன் பாத்திரம் முழுக்க ஓடுகிறது.

கருவேலங்காடு எழுதியது:

தந்திமரம் சொன்னபடி மீண்டும் பார்த்தேன், இந்த முறை முழுதாக. மூன்று நாளாக மனம் சரியில்லை. உங்கள் எல்லோருக்கும் ஜிம்மும் ஹேடனும் தெரிகிறார்கள். எனக்கு ரிக்கி டார்தான் தெரிகிறான்.

அவன் என்ன கேட்டான்? துரோகியைப் பிடிக்க உயிரைக் கொடுத்து உதவுகிறேன், பதிலுக்கு இரீனாவை மீட்டுத் தாருங்கள் என்றான். ஸ்மைலி தன்னால் இயன்றதைச் செய்வதாக வாக்குக் கொடுத்தார். அந்த நேரத்தில் இரீனா உயிரோடு இல்லை. ஜிம்மின் கண் முன்னால் அவளைச் சுட்டுவிட்டார்கள் என்பதை ஜிம்மே ஸ்மைலியிடம் சொல்லிவிட்டான். எல்லாம் தெரிந்துகொண்டே அந்த மனிதர், கண்ணாடிக்குப் பின்னால் ஓர் அசைவும் இல்லாமல், அந்தப் பையனைப் பாரிசுக்கு அனுப்புகிறார். டார் கடைசியில் மழையில் நிற்கிறானே, யாரை எதிர்பார்த்து நிற்கிறான்?

ஹேடன் செய்தது துரோகம் என்றால் இதற்கு என்ன பெயர்? ஹேடன் தன் நண்பனைப் பொறிக்குள் அனுப்பினான். பிறகு கார்லாவிடம் பேசி உயிரோடு மீட்டுக்கொண்டு வரவும் செய்தான். ஸ்மைலி அந்த அளவுக்குக்கூட டாருக்காக எதுவும் செய்யவில்லை. நான் ஹேடனுக்காக வாதாடவில்லை. 'நல்லவர்' என்று நாம் யாருக்குக் கைதட்டுகிறோம் என்று கேட்கிறேன்.

வடக்குமாசி எழுதியது:

உங்கள் கோபத்தை மறுக்க மாட்டேன். ஸ்மைலியை நான் நல்லவர் என்று எண்ணியதில்லை, கடமையில் தேர்ந்தவர் என்றுதான் எண்ணுகிறேன். சந்தேகத்துக்குரிய ஐவரில் ஒருவனான எஸ்டர்ஹேஸை விமானத் தளத்துக்கு அழைத்துப் போகும் காட்சியைப் பாருங்கள். குரல் உயரவில்லை, மிரட்டல் இல்லை. பின்னால் ஒரு சிறு விமானம் வந்து இறங்கி, ஊர்ந்து ஊர்ந்து அவர்கள் முதுகுக்கருகே வந்து நிற்கிறது. நான் விசுவாசமானவன் என்று அந்த மனிதன் அழுகிறான். அவன் சொல்வது உண்மையும்கூட. எந்த எசமானுக்கு என்பதுதான் அவனுக்கே தெரியவில்லை.

ஸ்மைலிக்கு உதவும் சர்க்கஸ் அதிகாரி கில்லமுக்கு நேர்ந்ததையும் சேர்த்துக்கொள்ளுங்கள். துறைக்குள்ளேயே கோப்பைத் திருடச் சொல்கிறார் ஸ்மைலி. உன்மேல் கண் விழும், வீட்டில் ஏதாவது ஒழுங்குபடுத்த வேண்டியிருந்தால் ஒழுங்குபடுத்திவிடு என்றும் சொல்கிறார். கில்லம் வீட்டுக்குப் போய், தன்னோடு வாழ்ந்த துணைவரை வெளியே அனுப்பிவிட்டுத் தனியாக உட்கார்ந்து அழுகிறான். அரை நிமிடக் காட்சி. துணைவர் ஓர் ஆண் என்பது நாவலில் இல்லாத மாற்றம். அந்தக் காலத்தில் அது தெரிந்தால் வேலையே போய்விடும். இந்தத் துறையில் விசுவாசத்தின் விலையை எப்போதும் வேறு யாரோ கொடுக்கிறார்கள்.

நீலக்குடை எழுதியது:

ஒளிப்பதிவு படிக்கும் மாணவி நான். கதையைப் பற்றி உங்கள் அளவுக்குப் பேசத் தெரியாது. ஒன்றை மட்டும் சொல்கிறேன். ஹொய்டே வான் ஹொய்டெமாவின் கேமரா பெரும்பாலும் தூரத்தில் நின்று, ஜன்னல் வழியாக, கதவிடுக்கு வழியாகப் பார்க்கிறது. நாமே ஒட்டுப்பார்க்கிறவர்கள் ஆகிவிடுகிறோம். காருக்குள் ஒரு தேனீ நுழையும் காட்சி நினைவிருக்கிறதா? மற்ற இருவரும் கையை வீசி விரட்டுகிறார்கள். ஸ்மைலி அது தன் பக்கம் வரும் வரை காத்திருந்து ஜன்னலைக் கொஞ்சம் இறக்குகிறார், அது தானே வெளியேறுகிறது. ஒரு வசனமும் இல்லாமல் அவர் ஹேடனை எப்படிப் பிடிப்பார் என்று இயக்குநர் தோமாஸ் ஆல்ஃபிரட்சன் சொல்லிவிட்டார். எங்கள் வகுப்பில் இதை ஐந்து முறை போட்டுப் பார்த்தோம்.

பேரேடு எழுதியது:

நான் பணி ஓய்வு பெற்றவன். மகன் இந்த இழையை அனுப்பிப் படிக்கச் சொன்னான். படத்தையும் அவனே போட்டுக் காட்டினான். உளவுத் துறை பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் தந்திமரம் கேட்ட கேள்விக்கு, ஜிம் ஏன் போனான் என்பதற்கு, என்னால் பதில் சொல்ல முடியும் என்று நினைக்கிறேன்.

ஓர் ஊழியர் கூட்டுறவுச் சங்கத்தில் நான் பொருளாளர், அவன் காசாளர். பதினான்கு ஆண்டுகள் பக்கத்துப் பக்கத்து மேசை. அவன் வீட்டு அடுக்குச் சட்டியில் எனக்கு ஒரு தட்டு தனியாக வரும். என் தாய் இறந்தபோது மயானத்தில் கடைசி வரை நின்றவன் அவன். ரொக்கப் புத்தகத்தை அவன் எழுதுவான், மாலையில் நான் ஒப்பிட்டுக் கையெழுத்துப் போடுவேன். ஒரு நாள் ஒரு எண்ணைப் பார்த்தேன். மூன்றை எட்டாகத் திருத்தியிருந்தது. திருத்திய கோட்டின் நீலம் கொஞ்சம் வேறு நீலம். வேறு பேனா. என் கண் அதில் நின்றது. நிமிர்ந்து பார்த்தேன். அவன் சட்டையின் கையை மடித்துக்கொண்டு கிளம்பத் தயாராகிக்கொண்டிருந்தான். "வருகிறாயா, டீ குடிக்கலாம்" என்றான். நான் கையெழுத்துப் போட்டுப் பக்கத்தைத் திருப்பினேன்.

எட்டு மாதம் கழித்துத் தணிக்கையில் கையாடல் வெளிவந்தது. விசாரணையில் என்னிடம் கேட்டார்கள், முன்பே ஐயம் ஏற்பட்டதா என்று. இல்லை என்றேன். இதை இன்றுதான் முதல் முறையாக எழுதுகிறேன்.

அந்த எட்டு மாதமும் நான் வழக்கத்தைவிடக் கவனமாகப் புத்தகத்தைப் பார்த்தேன். தப்பைக் கண்டுபிடிக்கப் பார்க்கவில்லை. தப்பு இல்லை என்று காட்டும் ஒரு பக்கமாவது கிடைக்காதா என்று பார்த்தேன். ஒவ்வொரு நாளும். ஜிம் புடாபெஸ்டுக்குப் போனது அதற்குத்தான். தந்திமரம் சொன்னது சரி. அந்தத் தம்பிக்கு எப்படித் தெரிந்தது என்றுதான் எனக்கு ஆச்சரியம்.

மழைக்காகிதம் எழுதியது:

ஐயா, உங்கள் பதிவை வகுப்பு இடைவேளையில் படித்தேன். அடுத்த பாடவேளைக்குப் போக ஐந்து நிமிடம் தாமதமாயிற்று. எழுதியதற்கு நன்றி. ஜிம்மைப் பற்றி நான் எழுதியதை மாற்றிக்கொள்கிறேன். எச்சரிக்கையும் ஏக்கமும் ஒரே நெஞ்சில் இருக்க முடியும் என்பது உங்கள் ரொக்கப் புத்தகத்தைப் பார்த்த பிறகுதான் புரிகிறது.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், உங்களை நீங்களே அளவுக்கு மீறிக் கடிந்துகொள்ளக் கூடாது என்பதற்காக. அந்தக் குறளின் இரண்டாவது பகுதியை வாழ்ந்து காட்டியவர் ஜேம்ஸ் ஆங்கிள்டன். அமெரிக்க சிஐஏவில் எதிர் உளவுப் பிரிவின் தலைவர். வாஷிங்டனில் பில்பியோடு வாரம் தவறாமல் மதிய உணவு சாப்பிட்டவர், அவரை முழுதாக நம்பியவர். பில்பி தப்பி ஓடிய பிறகு அவருக்கு யாரையும் நம்ப முடியாமல் போயிற்று. சொந்தத் துறைக்குள் துரோகியைத் தேடித் தேடிப் பல நேர்மையான அதிகாரிகளின் வாழ்க்கையைக் கெடுத்தார். 1964இல் சோவியத்திலிருந்து அடைக்கலம் தேடி வந்த நொசென்கோ என்பவரைப் பொய்யன் என்று முடிவுகட்டினார்கள். மூன்று ஆண்டுகளுக்கு மேல் விசாரணையே இல்லாமல் தனியறையில் அடைத்து வைத்தார்கள். பின்னால் அவரை உண்மையானவர் என்று சிஐஏவே ஏற்றுக்கொண்டது. ஆங்கிள்டன் 1974 டிசம்பரில் வெளியேற்றப்பட்டார்.

நீங்கள் ஒரு பக்கத்தைத் திருப்பினீர்கள். அவர் அதன் பிறகு எந்தப் பக்கத்தையும் திருப்ப முடியாதவராக ஆனார். பில்பி செய்த கேட்டில் பாதி அவர் மாஸ்கோவுக்குப் போன பிறகு நடந்தது.

தந்திமரம் எழுதியது:

பேரேடு ஐயாவுக்கு வணக்கம். எனக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டீர்கள். தெரியாது ஐயா, மார்க் ஸ்ட்ராங்கின் முகத்தைப் பார்த்துத் தோன்றியது, அவ்வளவுதான். பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக ஒளிந்து வாழும்போது, ராக்கெட் வேகத்தில் பேசும் பையன்களுக்கிடையில், பில் என்று பெயர் சொல்லும் குண்டுப் பையனிடம் அவன் காட்டும் கனிவைப் பாருங்கள். தனக்குத் தெரிந்த பில்கள் எல்லாம் நல்லவர்கள் என்கிறான். முதுகில் குண்டுத் தழும்பு இருக்கும்போது சொல்கிறான்.

இப்போது என் முதல் கேள்விக்கு என் விடையை எழுதிவிடுகிறேன். ஹேடனை மாஸ்கோவுக்கு அனுப்ப ஏற்பாடு நடக்கிறது, அங்கே பிடிபட்ட தங்கள் ஆட்களுக்கு மாற்றாக. மாஸ்கோவில் அவனுக்கு என்ன காத்திருந்தது என்பதை பில்பியின் கதை சொல்கிறது: குடி, தனிமை, நம்பிக்கையில்லாத எசமானர்கள், வாரக் கணக்கில் தாமதமாக வரும் ஆங்கிலப் பத்திரிகைகளில் கிரிக்கெட் ஸ்கோர். ஜிம் அதிலிருந்து அவனைக் காப்பாற்றினான் என்று சொல்லமாட்டேன், அது கொலையை அழகுபடுத்துவதாகிவிடும். ஆனால் வேறு யார் கையிலும் அவனை விடவில்லை. ஹேடன் அவனைப் பார்க்கிறான், அசையாமல் நிற்கிறான். குண்டு கண்ணுக்குக் கீழே பாய்கிறது, ரத்தம் கண்ணீர் போல வழிகிறது. சுட்டவன் கன்னத்திலும் ஒரு துளி. நாவலில் இது வேறு விதமாக நடக்கும், வெறும் கையால். படம் இருவருக்கும் நடுவே தூரத்தை வைத்து, அந்தத் தூரத்தைப் பார்வையால் நிரப்பியிருக்கிறது.

ஐயா, கேட்கலாமா என்று தெரியவில்லை, விருப்பமில்லை என்றால் பதில் வேண்டாம். அந்த நண்பரை அதன் பிறகு பார்த்தீர்களா?

பேரேடு எழுதியது:

ஒரு முறை பார்த்தேன் தம்பி. அவன் மகள் திருமணத்துக்கு அழைப்பிதழ் தபாலில் வந்தது. கையால் எழுதிய முகவரி, அதே எட்டு, அதே மூன்று. போனேன். அவன் மண்டப வாசலில் நிற்காமல் பந்தியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான். என் இலைக்கு வந்தபோது குவளையை நிரப்பிவிட்டு ஒரு கணம் நின்றான். நான் தலை நிமிரவில்லை. அடுத்த இலைக்குப் போய்விட்டான்.

நேற்று மகனிடம் சொல்லி அந்த கிறிஸ்துமஸ் விருந்துக் காட்சியை மட்டும் மறுபடி போடச் சொன்னேன். எல்லோரும் பாடுகிறார்கள், குடிக்கிறார்கள், கூட்டமாகச் சிரிக்கிறார்கள். அறையின் இரண்டு பக்கத்திலிருந்து அவர்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்க்கிறார்கள். ஜிம் சிரிக்கிறான். அங்கே நிறுத்தச் சொன்னேன். மகன் நிறுத்தினான், பிறகு "போதுமா அப்பா" என்று கேட்டான். இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டும் என்றேன்.